கஸ்பார் வீட்டு ஃபிரிட்ஜ்

விடிந்ததும் கஸ்பார் துணி காயப்போட்டான். இரண்டு கைலி, ஒரு துண்டு, பூப்போட்ட நைட்டி, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சின்னச் சட்டை. ஒவ்வொன்றையும் உதறி, கொடியில் விரித்து, கிளிப் மாட்டினான். அவன் கைலி கட்டுவதில்லை. நைட்டி போட அவனுக்கு மனைவி கிடையாது. சட்டை போடப் பிள்ளையும் கிடையாது. கஸ்பார் ஒரு பொறியன், பீங்கானும் உலோகமும் சேர்த்துச் செய்த எந்திர அதிகாரி. துணி துவைத்துக் காயப்போடுவது அவனுக்கு அரசு இட்ட வேலை.

கொடிக்குப் பின்னால் கடலணை நின்றது. அதன் விளிம்புக்கு மேலே ஒரு சரக்குக் கப்பலின் சிவப்பு விலா மெதுவாக நகர்ந்துபோனது. தெருவில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உப்புமுனையில் கடல் எப்போதுமே தலைக்கு மேலேதான் இருந்தது.

கடல் ஏறிவந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அரசு அணை கட்டியது. ஊர் அணைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. மதகைத் திறந்தால் உப்புத் தண்ணீர் தானாக வந்து பாத்தியில் நின்றது. உப்பு விளைவிக்க இதைவிட வசதியான இடம் பூமியில் இல்லை என்று உப்புமுனைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். அணை உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். உள்நாட்டு மேட்டுக்குப் போகக் கம்பியில் ஓடும் தொங்குவண்டி இருந்தது. மேட்டில் ஊர் மொத்தமும் தங்கும்படி அரங்கும் இருந்தது. போகிற மனசு மட்டும் யாருக்கும் இல்லை.

அரசு எச்சரிக்காமல் இருக்கவில்லை. பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் காதுமடலுக்குப் பின்னால் உளுந்து அளவில் ஒரு செவிமணி வைத்தார்கள். ஆபத்து என்றால் அது நேராகக் காதுக்குள் பேசும். காதின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டால் அது அடங்கிவிடும் என்பதை ஊர் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டது. பால்குடி மறக்காத பிள்ளைகள்கூட அந்த வித்தையை அழகாகச் செய்தன.

ஊரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒரு முறை அணை உடைந்தபோது, ஜனங்கள் பயந்து முட்டிமோதக் கூடாது என்று நினைத்த அன்றைய அதிகாரி, ‘முழங்கால் அளவுக்குமேல் வராது, வீட்டிலேயே இருங்கள்’ என்று செவிமணியில் சொன்னார். சொன்ன கையோடு தன் வீட்டு ஃபிரிட்ஜைத் தொங்குவண்டியில் ஏற்றி மேட்டுக்கு அனுப்பினார். காதால் கேட்டவர்கள் செத்தார்கள். ஃபிரிட்ஜ் போவதைக் கண்ணால் பார்த்தவர்கள் பின்னாலேயே ஓடிப் பிழைத்தார்கள். அன்றிலிருந்து உப்புமுனையில் அதிகாரியின் வாயை யாரும் கவனிப்பதில்லை. அவர் வீட்டு ஃபிரிட்ஜைத்தான் கவனிப்பார்கள்.

அதனால்தான் பொய் சொல்லத் தெரியாத பொறியனை அரசு அனுப்பியது. அவன் தெருமுனையில் நின்று உண்மையை மட்டும் பேசினான். ஒருவரும் அசையவில்லை. மக்கள் தொடர்பு வல்லுநர் நிரஞ்சனா தலைநகரிலிருந்து வந்து, ஏன் என்று விசாரித்தாள். தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்த ரெஜினாள் பதில் சொன்னாள்.

“இது போவுதா இல்லையான்னு எதை வச்சிப் பாக்க? இதுக்கு வீடு உண்டா வாசல் உண்டா? தண்ணி வந்தா இது முங்கும், நாளைக்கி வேற தகரம் வரும். போடி அந்தப் பக்கம்!”

காதால் கேட்டுச் செத்தவர்களில் ரெஜினாளின் புருஷன் சூசையும் ஒருவன். அவள் சந்தேகப்படாத பொருள் உப்புமுனையில் இல்லை. மழை பெய்தால் யார் பெய்யவிட்டது என்று கேட்கிற ரகம். ஆனால் நிரஞ்சனா புத்திசாலி. அந்தப் பேச்சில் இருந்த நியாயம் அவளுக்குப் புரிந்தது. இழக்க ஒன்றும் இல்லாதவனை யார் நம்புவார்கள்?

ஆகவே கஸ்பாருக்கு வீடு கொடுத்தார்கள், இருப்பதிலேயே பள்ளமான தெருவில். பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில், நாலு கோழி, கொடி நிறையத் துணி. அவனுடைய மூளைக்குள் பற்றுச்சில்லு என்று ஒன்றைப் பொருத்தினார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் பொருள்மீது எப்படிப் பிடிப்பு வைக்கிறார்கள் என்று பார்த்து, அதே பிடிப்பை அது தானும் வளர்த்துக்கொள்ளும். கடைசியாக, தலைநகரில் பத்திரமாக இருந்த அவனுடைய மூளை நகலை, ஊர் நடுவில் பந்தல் போட்டு, எல்லார் கண்முன்னாலும் அழித்தார்கள். இனி அவன் மூழ்கினால் மூழ்கியதுதான். கூட்டம் கைதட்டியது.

“அழிச்சது நகலா அசலான்னு யாரு கண்டா?” என்றாள் ரெஜினாள்.

திட்டம் வேலை செய்தது. முதல் எச்சரிக்கை வந்தபோது கஸ்பார் கொடியிலிருந்த துணிகளைச் சுருட்டி, ஃபிரிட்ஜை முதுகில் தூக்கிக்கொண்டு தொங்குவண்டிக்கு நடந்தான். ஊரே பின்னால் நடந்தது. அணை தாக்குப்பிடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று கஸ்பாரை அனுப்பிய அரசுத் துறை எழுதிக்கொண்டது. திரும்பிவந்த ஊர் வேறு கணக்குப் பார்த்தது. மூடாமல் விட்ட உப்புக் குவியல்கள் மழையில் கரைந்துகிடந்தன. யாரோ வீடு புகுந்திருந்தார்கள். கஸ்பாரின் கோழிகளில் இரண்டைக் காணவில்லை. ஃபிரிட்ஜின் கதவு வண்டியில் இடித்து நசுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கஸ்பார் சாயங்காலங்களில் ரெஜினாளின் கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தான். பக்கத்து வீட்டு கிளமெண்ட் அவனுக்கு உயிர் நண்பனானான். கிளமெண்ட், ரெஜினாளின் மகள் மெட்டில்டாவைக் கட்டியவன், மதகில் வேலை. இருவரும் சேர்ந்து துறையைத் திட்டுவார்கள். “ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு ஓடு ஓடுன்னா ஓடணுமாக்கும். கோழி அவனா வாங்கித் தருவான்?” என்று கிளமெண்ட் சொன்னால், “அதானே. நம்ம கஷ்டம் அவங்களுக்கு எங்கன தெரியுது?” என்பான் கஸ்பார். அவன் வாயில் ‘உங்கள்’ போய் ‘நம்ம’ வந்த நாளைத் தலைநகரில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். நம்பிக்கை வரைபடத்தில் கோடு கூரையைத் தொட்டிருந்தது.

ரெஜினாள் மட்டும் அவனுக்குத் தேநீர் நீட்டவே இல்லை. குடிக்கமாட்டான் என்பதால் அல்ல. பிடிக்கவில்லை.

இப்போது, அந்தக் காலையில், சின்னச் சட்டைக்குக் கடைசி கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கடலடி உணரிகள் கஸ்பாரிடம் பேசின. தெற்கு மதகின் அஸ்திவாரத்தில் மண் அரித்துப்போயிருக்கிறது. புயல் திசை மாறி ஊரை நோக்கி வருகிறது. பிற்பகலுக்குள் அணை உடையும். கஸ்பார் முழுவதையும் கேட்டான். பிறகு உள்ளே போய் கோழிகளுக்குக் குருணை எடுத்துவந்தான்.

கொஞ்ச நேரத்தில் நிரஞ்சனா அழைத்தாள்.

“கஸ்பார், தகவல் கிடைச்சுதா?”

“கெடச்சுது மேடம்.”

“அப்ப ஃபிரிட்ஜ் ஏன் இன்னும் வீட்டுல இருக்கு?”

“போன தடவையும் இதத்தான சொன்னிய. அதுக்கு முன்னாடியும் இதத்தான். என்ன வந்துச்சி? கதவு நசுங்குனதுதான் மிச்சம்.”

நிரஞ்சனாவுக்கு ஒரு கணம் தான் யாரோடு பேசுகிறோம் என்பதே குழம்பியது. “இந்தத் தடவை உறுதி. உன்னோட சொந்தக் கணக்கே அதைத்தான் சொல்லுது.”

“கணக்கு சொல்லும் மேடம். கணக்குக்கு என்ன, கோழியா வளக்குது?”

“நீ மூழ்கிட்டா உனக்கு நகல் கிடையாது. ஞாபகம் இருக்கா?”

“எல்லாம் இருக்கு. மத்தியானம் வரைக்கும் பாப்பம். காத்து திரும்பிரும்.”

அவள் அவசரமாக அவனுடைய மூளையைத் தொலைவிலிருந்து திறந்து பார்த்தாள். பழுது என்று ஒன்றும் இல்லை. பற்றுச்சில்லின் ஒவ்வொரு வரியும் அவள் எழுதியபடியே, எழுதியதைவிட நன்றாகவே, ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் செவிமணியை முடுக்கினாள்: ‘உடனே மேட்டுக்குப் போங்கள்.’

உப்புமுனை மொத்தமும் கட்டைவிரலைக் காதுக்குப் பின்னால் வைத்து ஒரே சமயத்தில் கொட்டாவி விட்டது. பிறகு எல்லாரும் கஸ்பார் வீட்டுக் கொடியைப் பார்த்தார்கள். துணிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

ரெஜினாளும் கொட்டாவி விட்டாள், கொடியைப் பார்த்தாள். மற்றவர்களைப்போல் அவளால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. மெட்டில்டாவுக்கு மாசம் நிறைந்திருந்தது. எந்த நேரமும் வலி எடுக்கலாம். தண்ணீர் வந்த பிறகு அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளால் ஒரு படிகூட ஏற முடியாது. ரெஜினாளுக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. கடைக்கு மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, கஸ்பாரின் வாசலுக்குப் போனாள்.

“தம்பி, தண்ணி வருமா?”

“வராதுக்கா,” என்றான் கஸ்பார். “வந்தாலும் முட்டளவுதான்.”

ரெஜினாளின் புருஷன் சூசை கடைசியாக நம்பிய வார்த்தை அது. அவளுடைய மூளை விறுவிறுவென்று வேலை செய்ய ஆரம்பித்தது. இத்தனை நாள் ‘ஓடு ஓடு’ என்றவன் இன்று ‘இரு’ என்கிறான். எதற்கு இருக்கச் சொல்கிறான்? நாம் முங்கிப்போனால் யாருக்கு இந்த இடம் கிடைக்கும்?

“மெட்டில்டாக்குத் தாகமா இருக்காம். உம் பிரிட்ஜுல கொஞ்சம் ஐஸ் இருந்தாத் தாயேன்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அவன் வீட்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் முறை.

“ஐஸ் இல்லியேக்கா.”

அவள் அதற்குள் நசுங்கிய கதவை இழுத்துத் திறந்துவிட்டாள். விளக்கு எரிந்தது. தட்டுகள் பளபளத்தன. ஒரு முட்டை இல்லை, ஒரு பச்சைமிளகாய் இல்லை, ஒரு பாட்டில் தண்ணீர்கூட இல்லை.

“எங்க எல்லாம்?”

“எது எங்க?”

“உள்ள இருந்ததெல்லாம் எங்க?”

“ஒண்ணும் கெடையாதுக்கா. நாந்தான் எதையும் திங்கதில்லல்லா.”

ரெஜினாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒண்ணும் திங்காதவனுக்கு எதுக்குப் பிரிட்ஜு?”

கஸ்பார் வாயைத் திறந்தான். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. துறையும் கேட்டுக்கொண்டதில்லை. அவனுடைய கணக்குகள் எல்லாம் சுற்றிச்சுற்றி வந்தும் ஒரு பதில் கிடைக்கவில்லை. அவன் ஃபிரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். அந்த மௌனம் போதுமாக இருந்தது.

ரெஜினாள் தெருவுக்கு ஓடிவந்தபோது கிளமெண்ட் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். மெட்டில்டா நடையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிட்டி. மேட்டுக்குப் போவணும்.”

“எம்மா, சும்மா இரு. கொடில துணி கெடக்குல்லா,” என்றாள் மெட்டில்டா.

“கஸ்பார் அண்ணனே இருக்காவ அத்தை,” என்றான் கிளமெண்ட். “தண்ணி வருதுன்னா அவிய எங்கிட்ட சொல்லாம இருப்பாவளா? நீங்க எல்லாத்தையும் சந்தேகப்படுதிய.”

“ஒங்க அண்ணன் பிரிட்ஜத் தொறந்து பாத்தேன். காலி! தொடச்சி வச்சிருக்கு. உள்ள இருந்ததப் பூரா சத்தமில்லாம மேல அனுப்பிட்டு, வெறும் பெட்டிய நமக்குக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கொடில கெடக்கது நம்மள ஏமாத்துததுக்கு. உடுத்துன துணியா அது? அழுக்குப் பட்டிருக்கான்னு போய்ப் பாரு!”

கிளமெண்ட் நம்பவில்லை. எழுந்து போனான். கஸ்பார் வாசலில் நின்றிருந்தான். கிளமெண்ட் அவனைத் தாண்டி உள்ளே போய், ஃபிரிட்ஜைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தான். வெளியே வந்தபோது அவன் முகம் செத்திருந்தது.

“எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ண்ணே,” என்றான்.

“என்னத்தல?” என்றான் கஸ்பார். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அதற்குள் செய்தி தெருவைத் தாண்டிவிட்டது. செவிமணியால் இத்தனை வருடம் அசைக்க முடியாத ஊரை, ‘அதிகாரி வீட்டுப் பிரிட்ஜு காலி’ என்ற சேதி ஒரே மூச்சில் அசைத்தது. கொதிக்கிற குழம்பை இறக்கிவைக்காமல் ஓடினார்கள். ஆளுக்கொரு சேதி சேர்த்தார்கள்: பீரோவும் காலியாம், கோழிகூட அசல் கோழி இல்லையாம், நேற்றே எல்லாம் போய்விட்டதாம். பொறியன் சாப்பிடுவதில்லை என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கும் அது அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

தலைநகரில் நிரஞ்சனாவின் திரையில் ஊர்க்காரர்களைக் காட்டும் புள்ளிகள் மேட்டை நோக்கி நகர ஆரம்பித்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ‘செவிமணியின் மீது மக்களின் நம்பிக்கை திரும்பியது’ என்று அறிக்கையின் முதல் வரியை எழுதினாள்.

கஸ்பார் மட்டும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். தெரு காலியாவதைப் பார்க்க அவனுக்குக் கவலையாக இருந்தது. போன தடவை இப்படித்தான் காலியாக இருந்தபோது திருடன் வந்தான். யாராவது ஒருத்தர் காவலுக்கு இருக்க வேண்டாமா? திறந்துகிடந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தான்.

பிற்பகலில் தெற்கு மதகு இடிந்து உட்கார்ந்தது. மேட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் சத்தம் கேட்கவில்லை. அணை வரிசையில் ஒரு பல் விழுந்தாற்போல் இடைவெளி தெரிந்தது. அதன் வழியாகக் கடல் உள்ளே வந்தது. பாத்திகள், பள்ளத் தெரு, ரெஜினாளின் கடை, மாதா சிலை இருந்த கெபி, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டு அது நின்றது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ரெஜினாள் மகளின் கையை விடவில்லை. அந்தக் கூட்ட நெரிசலிலேயே, அரங்கின் ஒரு மூலையில் மறைப்புக் கட்டி, மெட்டில்டா ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. கிளமெண்ட் மட்டும் கஸ்பாரைத் தேடி அரங்கின் பின்னறைகளை எல்லாம் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அவன் இங்கன இருக்க மாட்டான்,” என்றார்கள் மற்றவர்கள். “முந்தியே தலைநகருக்குப் போய்ச் சேந்திருப்பான்.”

அணையின் ஓட்டையில் பாறை கொட்டி அடைத்து, தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பிறகு கஸ்பாரைக் கண்டுபிடித்தார்கள். ஊருக்கு வெளியே உடைமரக் காட்டில் ஃபிரிட்ஜ் சாய்ந்துகிடந்தது. அவன் கொடிக்கயிற்றால் தன்னை அதன்மேல் கட்டிக்கொண்டு கிடந்தான். ஃபிரிட்ஜுக்குள் ஒன்றும் இல்லாததால் அது மிதந்திருக்கிறது. கிளமெண்ட் முட்களைப் பொருட்படுத்தாமல் உள்ளே புகுந்து அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். கஸ்பாருக்கு ஒரு கண் போயிருந்தது. மூளை நனையவில்லை.

மறுநாள் நிரஞ்சனா வந்தாள். சேறும் உடைந்த சுவருமாகக் கிடந்த பள்ளத் தெருவில் ஊர் கூடி நின்றது. அவள் கையோடு நல்ல செய்தி கொண்டுவந்திருந்தாள். மேட்டில் எல்லாருக்கும் வீட்டுமனை தயார். உப்புப் பாத்திக்குத் தினமும் தொங்குவண்டியில் இறங்கி வேலை பார்த்துவிட்டு ஏறிப்போகலாம். இனி யாரும் கடலுக்குக் கீழே படுத்து உறங்க வேண்டியதில்லை. அணை உடையும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்று அவள் நினைத்தாள்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது கஸ்பார், தன் வீடு இருந்த இடத்தில் சேற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தவன், ஒற்றைக்கண்ணோடு நிமிர்ந்தான்.

“வர வேண்டியது வந்துட்டுல்லா மேடம்,” என்றான். “இனி நூறு வருசத்துக்கு இந்தப் பக்கம் வராது.”

நிரஞ்சனா திகைத்துப்போனாள். பிறகு நம்பிக்கையோடு ரெஜினாளைத் தேடினாள். அறிக்கையை அவள் திருத்தி எழுதியிருந்தாள். ஊரைக் காப்பாற்றியது செவிமணி அல்ல, இந்தப் பெண்ணின் சந்தேகம் என்பது அவளுக்கு இப்போது தெரியும். “நீங்க சொல்லுங்கம்மா,” என்றாள். “இவன் பேச்சை நம்ப முடியுமா?”

ஊர் முழுதும் ரெஜினாளின் முகத்தைப் பார்த்தது. அவள் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அணையின் ஓட்டையைப் பார்த்தாள், கடை இருந்த இடத்தைப் பார்த்தாள், கஸ்பாரைப் பார்த்தாள். நூறு வருடம். அந்த வார்த்தையை அவள் மனசுக்குள் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். அதில் சந்தேகப்பட அவளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

“அவன் சொல்லுததுல என்ன தப்பு?” என்றாள். பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். “கிளமெண்டு, கடப்பாறைய எடுங்க. கடைய ரெண்டடி அணைப் பக்கமாத் தள்ளிப் போடுவம். காத்து நல்லா வரும்.”